கோலாருக்குக் கல் சுமந்த கதை

ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர் எங்கள் கோணி மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார். தட்டிய வேகத்தில் அவர் கால்தான் வலித்தது.

"இன்னாம்மா இது, அம்மியா?"

"இல்ல சாமி, எங்க நைனா" என்றாள் அம்மா.

அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். நான் கோணியின் வாயை அவிழ்த்துக் காட்டினேன். உள்ளே அம்மி அளவுக்கு ஒரு கருங்கல். அதன் மேல் பாதியில் 'பொன்னன்' என்று பெரிய எழுத்தில் கொத்தியிருந்தது. அம்மாவின் அப்பா பெயர். கோலார் தங்க வயலில் செத்துப்போனவர், அவரைப் புதைத்த இடத்தில் நடப் போகிறோம் என்று விளக்கினேன்.

"கோலாருக்கா கல்லு எடுத்துக்கினு போறீங்க? அங்க இருக்கிறதே கல்லுதானேம்மா! அத்த ஒடச்சி ஒடச்சித்தானே அத்தினி பேரும் சோறு துன்றாங்க!"

"அந்தக் கல்லுல எங்க நைனா பேரு இல்லியே சாமி" என்றாள் அம்மா. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அந்தக் காலக் கணக்கில் கல்யாணச் சந்தையில் நான் கிழவி. குடியாத்தத்தில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒழுகும் கூரையைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் முன்னோர் எங்கே போய்க் குடியேறினார்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரு கல்லைத்தான் காட்ட வேண்டும். ஆகவே இந்த வாரம் கல்.

அம்மாவின் இரண்டு கணக்குகள்

எனக்குத் தை மாதத்தில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். நைனாவுக்கு ஒரு கல் நட்டுவிட்டு வந்த பிறகுதான் பந்தக்கால் என்று அம்மா சொல்லிவிட்டாள். கல்லை அங்கேயே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று தறியில் உட்கார்ந்தபடி அப்பா கேட்டார்.

"அங்க இருக்கிறவன் பேரைத் தப்பா எழுதிட்டா?" என்றாள் அம்மா.

அந்தச் சந்தேகத்தால், அம்மி கொத்துகிற ஆளை வீட்டுக்கே வரவழைத்தாள். நான் கரியால் எழுதிக்கொடுத்தேன். எழுத்து சரியா என்று அம்மா மூன்று முறை கேட்டாள். வாத்தியாரம்மாவைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

பொன்னன் தாத்தா எங்கள் கிராமத்தை விட்டுப் போனபோது அம்மாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. மழை பொய்த்த வருஷம். தங்கச் சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு பேர் சேர்ந்து போனார்கள். ஒருவர் தாத்தா. இன்னொருவர் அவருடைய மனைவியின் தம்பி எல்லப்பன், அதாவது அம்மாவின் தாய்மாமன். அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையெல்லாம் சுற்றியவர்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து மேஸ்திரியின் ஆள் வந்தான். சுரங்கத்தில் பாறை விழுந்து பொன்னன் செத்துப்போனான், அங்கேயே புதைத்துவிட்டோம் என்றான். எல்லப்பன் எங்கே என்று கேட்டதற்கு, அவன் வேறு கேம்புக்குப் போய்விட்டான் என்றான். ஊரில் கருமாதி நடந்தது. அம்மாவைப் பெற்றவள் தாலியைக் கழற்றினாள். கருமாதிக்கு எல்லப்பன் வரவில்லை. ஆள் விட்டுச் சொல்லியனுப்பியும் பதில் இல்லை.

அம்மா பெரியவளானபோது ஓலைக் குச்சு கட்டத் தாய்மாமன் இல்லை. கல்யாணத்தின்போது மாமன் சீர் வரவில்லை. சபையில் பெரியவர் ஒருவர் "மாமன் சீர் எங்கே?" என்று கேட்க, மாப்பிள்ளை வீட்டார் குசுகுசுவென்று பேச, மணையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்ததாம். அவளைப் பெற்றவள் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. சாகும்போதுகூடத் தம்பியைத் திட்டிவிட்டுத்தான் செத்தாள்.

ஆகவே வருஷத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். காலையில் தாத்தாவுக்குப் படையல். சாப்பிட்டு முடித்ததும் எல்லப்பனுக்கு வசவு. அம்மாவின் வசவு சாதாரணமாக இருக்காது. அடுத்த தெருவிலிருந்து கேட்க வருவார்கள்.

ஆப்பக்கடையில் விசாரணை

இன்று பங்காருப்பேட்டை என்கிற ஊருக்கு அன்று பௌரிங்பேட்டை என்று பெயர். அங்கே சின்ன ரயிலுக்கு மாறினோம். கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டும்போதே அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. தாது இடிக்கிற ஆலையின் சத்தம். நூறு வீட்டில் ஒரே நேரத்தில் நெல் குத்துகிற மாதிரி இருந்தது. ஊரிகத்தில் இறங்கியபோது காலுக்கடியில் தரை லேசாக அதிர்ந்தது. செருப்பில்லாத காலுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

நான் பெரிய ஊராக எதிர்பார்த்தேன். பார்த்தது ஒரு கிராமத்தை வரிசை வரிசையாக வெட்டி அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. மூங்கில் தட்டியில் சுவர் வைத்த வீடுகள், ஒவ்வொரு வரிசைக்கும் 'லைன்' என்று பெயர். வாசலில் எங்கள் ஊர்க் கோலம், எங்கள் ஊர் முருங்கை, எங்கள் ஊர்ச் சண்டை. பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு மணல் மலை. அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண்ணாம். வீட்டுக் கூரையிலெல்லாம் அந்தத் தூள் படிந்திருந்தது.

லைன் முனையில் ஒரு அம்மாள் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் கல்லை இறக்கிவிட்டு இரண்டு ஆப்பம் வாங்கினோம். அம்மா விசாரித்தாள்.

"பொன்னனா? எத்தினியோ பேரு செத்தாங்க தாயி, நான் யாரைன்னு சொல்றது?" என்றார் ஆப்பக்கார அம்மாள். "நீங்க எந்தப் பக்கம்? குடியாத்தமா? அந்தப் பக்கத்து ஆளு கோரமண்டல் லைன்ல ஒருத்தரு கீறாரு. ரொம்பப் பழைய ஆளு. அவருக்குத் தெரிஞ்சிருக்கும். எல்லப்பன்னு பேரு."

அம்மா ஆப்பத்தைக் கீழே வைத்தாள். அவிழ்ந்திருந்த கொண்டையை இறுக்கி முடிந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"வண்டி புடிடி" என்றாள். "எங்க நைனாவை அப்புறம் பாக்கலாம். மொதல்ல இந்த ஆளைப் பாக்கணும்."

கோரமண்டல் லைன்

ஜட்காவில் போகும்போதே அம்மா ஒத்திகை பார்த்துக்கொண்டாள். எதை முதலில் சொல்வது, எதைக் கடைசிக்கு வைப்பது என்றுகூட என்னிடம் கேட்டாள். சீர் விஷயத்தைக் கடைசிக்கு வை என்று நானும் யோசனை சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் லைனில் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். கடைசி வீட்டு வாசலில் ஒரு பெரியவர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுரங்கத்துக்கு முட்டுக் கொடுத்துக் கழித்த பழைய மரத்தைக் கோடாலியால் பிளந்துகொண்டிருந்தார்.

"எல்லப்பன் நீதானே?" என்றாள் அம்மா.

அவர் நிமிர்ந்து, "ஆமா, யாரும்மா நீ?" என்றார்.

அவ்வளவுதான். அம்மா ஆரம்பித்தாள். அக்கா புருஷன் செத்துக் கெடந்தப்ப எங்கே போனே, அக்கா பொண்ணு பெரியவளானப்ப எங்கே போனே, சபையில என்னை மாமன் இல்லாத மூளியா உக்கார வெச்சியே, எங்கம்மா உன் பேரைச் சொல்லித்தானே உயிரை விட்டாள் என்று மூச்சு விடாமல் கேட்டாள். தட்டிக் கதவுகள் திறந்தன. லைன் முழுவதும் வெளியே வந்து நின்றது. பெரியவர் கோடாலிக் காம்பைப் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றார். சீர் விஷயம் வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியில் அம்மாவுக்கே மூச்சு வாங்கியது. அவர் கோணியைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அது இன்னா கல்லு?"

"எங்க நைனாவுக்கு. நீதான் வந்து எட்டிப் பாக்கல. நான் கல்லு நடப் போறேன். படிச்சிக் காட்டுடி அந்த ஆளுக்கு!"

நான் கோணியை விலக்கிப் படித்தேன். "பொன்னன்."

அவர் கோடாலியைக் கீழே வைத்தார்.

"அது நான்தான் கண்ணு" என்றார்.

தழும்பு

அம்மா சிரித்தாள். இந்த ஆளுக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். அவர் தலைத்துண்டை அவிழ்த்தார். நெற்றியில் இடது பக்கம் பிறை மாதிரி ஒரு தழும்பு இருந்தது. மாட்டுப் பொங்கலன்று காளை கொம்பால் கிழித்த தழும்பு. கிழித்தபோது அம்மா ஐந்து வயதுப் பெண்ணாகப் பக்கத்தில் நின்றிருந்தாள். அந்தக் கதையை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"நைனா" என்றாள்.

அவர் கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. வேறொன்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்போ மாமா? எங்க மாமா எங்க?"

அவர் தரையைக் காட்டினார்.

உள்ளே கூட்டிப்போய்ச் சொன்னார். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த ஒரு பித்தளைப் பில்லை உண்டு. அதைக் காட்டினால்தான் கீழே இறக்குகிற கூண்டில் ஏற்றுவார்கள். ஆபீசுக்கு எண்தான் தெரியும், முகம் தெரியாது. ஒருவரால் ஷிப்டுக்குப் போக முடியாவிட்டால் அவருடைய இடம் போய்விடாமல் இருக்க, ஓய்வில் இருக்கிற சொந்தக்காரன் அந்தப் பில்லையை எடுத்துக்கொண்டு இறங்குவான். எல்லாரும் செய்வதுதான். மேஸ்திரிக்கும் தெரியும்.

"அன்னைக்கு எனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன்" என்றார் தாத்தா. "ஒடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. சந்தையில கோழிச் சண்டை. அத்தப் பாக்கணும்னு ஆசை. எல்லப்பன் ராத்திரி ஷிப்டு முடிச்சி வந்து அப்பத்தான் படுத்தான். எழுப்பி, என் பில்லையக் கையில குடுத்தேன். 'சரி மாமா, நீ படு'ன்னு சொல்லிட்டுப் போனான்."

சாயங்காலம் திரும்பி வந்தபோது, பொன்னன் செத்துவிட்டான் என்று பொன்னனிடமே சொன்னார்களாம்.

மேஸ்திரி அவரைத் தனியே இழுத்துப் போயிருக்கிறான். பில்லை மாறியது தெரிந்தால் என் வேலை போகும், நீ ஜெயிலுக்குப் போவாய், எல்லப்பன் பில்லையை எடுத்துக்கொண்டு கோரமண்டலுக்குப் போய்விடு, ஊருக்கு நான் சொல்லியனுப்புகிறேன் என்று மிரட்டியிருக்கிறான்.

"ஒரு வாரத்துல போயி உங்கம்மா கால்ல உழுந்து நெசத்தச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள தாலி எறங்கிடுச்சின்னு கேள்விப்பட்டேன். உன் தம்பிய நான்தான் கொன்னேன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது? அடுத்த வாரம், அடுத்த வாரம்னு இருபத்தஞ்சு வருசம் ஆயிப்போச்சி."

அவர் சொல்லி முடித்ததும் அம்மா அழுதாள். அப்பா உயிரோடிருக்கிறார் என்ற சந்தோஷத்தில் அழவில்லை. "இருபத்தஞ்சு வருசமா அவரைத் திட்டினேனே, ஒரு வாய்ச் சோறு படைக்கலியே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். உயிரோடு இருந்தவருக்குப் படையல், செத்தவருக்கு வசவு என்று எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாக நடந்திருக்கிறது. ஜட்காவில் நான் சொன்ன யோசனை ஞாபகம் வந்து எனக்கும் தாங்கவில்லை.

உளிச் சத்தம்

பிறகு அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவளிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அழுகைக்கு ஒரு அளவு வைத்திருந்தாள்.

"உளி இருக்குதா?" என்று கேட்டாள்.

இருபத்தைந்து வருஷமாகப் பாறையைத் துளைத்தவர் வீட்டில் உளிக்கா பஞ்சம்? கல்லைப் புரட்டிப் போட்டோம். நான் மறுபக்கத்தில், கல்லைத் தலைகீழாகத் திருப்பிவைத்துக்கொண்டு, அடுப்புக் கரியால் எழுதினேன். தாத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கோடு பிசகாமல் கொத்தினார். முதல் எழுத்து முடிந்ததும் உள்ளங்கையால் தூசியைத் துடைத்துவிட்டு, "இது இன்னா எழுத்து?" என்று கேட்டார். "எ" என்றேன். ஒவ்வொரு எழுத்துக்கும் அப்படியே கேட்டார். அவர்மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. தப்பு அவருடையதுதான், இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விரல்கள் எழுத்தைத் தடவிப் பார்த்ததைப் பார்த்த பிறகு ஆத்திரத்தை முழுசாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

லைனுக்கு அப்பால் புதைகாடு. ஒரு ஆவாரம் புதருக்குப் பக்கத்தில், பாறை துளைத்துத் தேய்ந்த இரும்புக் கம்பித் துண்டு ஒன்று நட்டிருந்தது. தாத்தாவின் அடையாளம். அதைப் பிடுங்கிவிட்டுக் குழி தோண்டினார்.

"உன் பேரு மண்ணுக்குள்ள போயிடுமே தாத்தா" என்றேன். கல்லை நட்டால் எல்லப்பன் பெயர் மேலே நிற்கும். பின்பக்கத்துப் பொன்னன் தலைகீழாகக் குழிக்குள் போகும்.

"போவட்டும் கண்ணு. இத்தினி வருசமா அவன் என் பேர்ல கீழ கெடந்தான். இனிமே அவன் பேர்ல அவன் இருக்கட்டும்."

கல்லுக்குப் போர்த்துவதற்காக அந்த லைன்காரர் ஒருவர் ராபர்ட்சன்பேட்டைக் கடைக்கு ஓடிப்போய் ஒரு வேட்டி வாங்கி வந்தார். அம்மா அதைக் கல்லின்மேல் போர்த்தினாள். தேங்காய் உடைத்தாள். "மாமா, நான்தான் வந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஸ்டேஷனுக்குத் தாத்தா கூடவே நடந்து வந்தார். வழியெல்லாம் அம்மா அவருக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

"தை மாசம் இவளுக்குக் கல்யாணம். நீ வரணும். ஊரு சபையில நின்னு, மாமா ஓடிப்போவலன்னு உன் வாயால சொல்லணும். சொல்றதுன்னா வா. இல்லாட்டி, எனக்கு நைனா அன்னைக்கே செத்துட்டாரு."

அவர் பதில் சொல்வதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

தை மாதம்

வருவாரா மாட்டாரா என்று வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. அம்மா பந்தல், பாத்திரம், பருப்பு என்று ஓடிக்கொண்டிருந்தாள். ஆனால் தெருமுனையில் நாய் குரைத்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

முகூர்த்தத்துக்கு முந்தி, நான் மணையில் உட்கார்ந்த நேரத்தில், மேளம் திடீரென்று நின்றது. பந்தல் வாசலில் தாத்தா நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, தலையில் ஒரு மூங்கில் தட்டு. துண்டு கட்டவில்லை. நெற்றித் தழும்பு எல்லாருக்கும் தெரிந்தது. அவருடைய கருமாதியில் சாப்பிட்டவர்கள் பத்துப் பேராவது அந்தப் பந்தலில் இருந்தார்கள். ஒருவர் இலையை விட்டு எழுந்தே ஓடினார்.

"நான் பொன்னன்தான். பயப்படாதீங்க" என்றார். "எல்லப்பன் எங்கியும் ஓடிப்போவல. எனக்குப் பதிலா சுரங்கத்துல எறங்குனான். அங்கியே கெடக்கிறான். ஓடுனவன் நான்."

அவர் தட்டை இறக்கிப் பிடித்தார். தேங்காய், பழம், மஞ்சள், ஒரு அரக்குச் சேலை. எனக்கு என்று நினைத்து நான் கையை நீட்டப் பார்த்தேன். அவர் என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்தார்.

"இது உனக்கு, பாப்பா. எல்லப்பன் வெக்க வேண்டியது. உன் கல்யாணத்துக்கு."

தாலி கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணைப் பெற்றவள், நரை எட்டிப் பார்க்கிற வயது. அந்தச் சேலையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு சபையைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த தெருவுக்கும் கேட்கிற அதே குரல்.

"மேளக்காரரே, இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? எங்க மாமன் சீர் வந்திருக்குது. வாசிங்க!"